எத்தனை பாய் விரிக்கலாம்? வாஷியும் வளர்ச்சி வரம்பும்

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை வரையறுக்கும் எண்ணை மும்பையில் எல்லோரும் 'எஃப்.எஸ்.ஐ.' என்கிறோம். தமிழ்நாட்டில் அது 'தளப்பரப்புக் குறியீடு'. மராட்டிய அரசாணைகளிலோ 'சட்டயி க்ஷேத்ர நிர்தேசாங்க்'. 'சட்டயி' என்றால் பாய். எண் 1 எனில், 1000 சதுர அடி மனையில் எல்லா மாடிகளும் சேர்ந்து 1000 சதுர அடிக்கு மிகக் கூடாது; 2.5 எனில் 2500 வரை எழுப்பலாம். நகர வளர்ச்சிக்கு வரம்பு வேண்டுமா என்னும் விவாதம், எத்தனை பாய் விரிக்கலாம் என்னும் விவாதமே. இந்த எண்ணைத் தீர்மானித்தவர்கள் யார் என்பதுதான் இப்பதிவின் கேள்வி.

பெருநகர பம்பாயின் மக்கள்தொகை 1951-இல் ஏறத்தாழ 30 லட்சம். 1961-இல் 41 லட்சத்தைத் தாண்டியது. இந்தப் பெருக்கத்தை எவ்வாறு எதிர்கொள்வது என ஆராய 1958-இல் பர்வே குழுவும், 1965-இல் பொருளியலாளர் டி. ஆர். காட்கில் தலைமையிலான குழுவும் அமைக்கப்பட்டன. எஃப்.எஸ்.ஐ. என்னும் கட்டுப்பாடு 1964-ஆம் ஆண்டின் வளர்ச்சித் திட்டத்தோடு நுழைந்தது. 1965-இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் படேல் ஆகிய மூவரும் 'மார்க்' இதழில், தானே கழிமுகத்துக்கு அப்பால் ஓர் இணைநகரை முன்மொழிந்தனர். 1970 மார்ச் 17 அன்று சிட்கோ நிறுவப்பட்டது. சுமார் 344 சதுர கிலோமீட்டர் நிலம், 20 லட்சம் மக்கள் என்பது கணக்கு. அந்தப் புதிய நகரின் தலைவாயில் வாஷி.

இதே ஆண்டுகளில் தெருவில் வேறொரு மொழியில் இவ்விவாதம் நடந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1966-இல் தோன்றிய சிவசேனையின் முதல் இலக்கு தென்னிந்தியர்களே. குழுக்களின் அறிக்கையில் 'எத்தனை பேர்' என்றிருந்த கேள்வி, மாட்டுங்காவின் நடைபாதையில் 'எவர்' என்று மாறியது. வரம்பு என்ற சொல்லுக்கு எப்போதும் இந்த இரண்டாம் பொருள் உண்டு.

திட்டத்தின் தர்க்கத்தில் குறையில்லை. பழைய நகரில் வரம்பு. புதிய நகரில் வேலையும் வீடும். ஆனால் முதற்பாதிதான் உறுதியாக நின்றது. தலைமைச் செயலகம் கழிமுகத்தைக் கடக்கவில்லை. கடலைத் தூர்த்து நரிமன் பாயிண்ட் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. வாஷிப் பாலம் 1973-இல் திறக்கப்பட்டபோதும், மான்கூர்டிலிருந்து வாஷிக்கு மின்ரயில் வந்தது 1992-இல்தான். வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலா, தானிய மொத்தச் சந்தைகள் இடம்பெயர்ந்தன. அவற்றோடு மூட்டை தூக்குவோரும் வந்தனர். உயர் அலுவலகங்கள் தெற்கிலேயே தங்கின. 1991 விதிகள் தீவு நகருக்கு 1.33, புறநகருக்கு 1 என்றன. வேலை அங்கே, பாய்க்கு இடமில்லை. இடைவெளியைக் குடிசைகள் நிரப்பின.

பாலத்தின் மும்பைக் கரையில், டிராம்பேயின் ஜனதா காலனியில் தமிழர்கள் கணிசமாக வாழ்ந்தனர். நகரின் உட்பகுதிகளிலிருந்து முன்பு அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு நகராட்சியே காட்டிய இடம் அது. அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்கென 1976 மே மாதம், நெருக்கடிநிலையின்போது, ஏறத்தாழ 70,000 பேர் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்காகப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜாக்கின் அற்புதம். 2000-இல் மகசேசே விருது பெற்றவர். மறுகரையில், நிலத்தை இழந்த ஆக்ரி, கோளி உழவர்களும் மீனவர்களும் தி. பா. பாட்டீல் தலைமையில் திரண்டனர். 1984 சனவரியில் உரண் வட்டாரத்துப் போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் ஐவர் மாண்டனர். அதன் பின்னரே, கையகப்படுத்திய நிலத்தில் 12.5 விழுக்காட்டை மேம்படுத்தித் திருப்பித் தரும் திட்டம் பிறந்தது. இரு கரையாரிடமும் முன்கூட்டி எவரும் கருத்துக் கேட்கவில்லை.

இன்று அதே விவாதம் வாஷிக்குள் வந்துவிட்டது. சிட்கோ கட்டிய பழைய குடியிருப்புகளில் கூரைப்பூச்சு உதிர்கிறது. கம்பிகள் துருவேறி வெளியே தெரிகின்றன. நீண்ட கோரிக்கைக்குப் பின், 2015-இல் இத்தகைய கட்டடங்களுக்கு 2.5 வரை எஃப்.எஸ்.ஐ. அனுமதிக்கப்பட்டது. கூடுதல் தளம் இல்லையேல் மறுகட்டுமானத்துக்குப் பணமில்லை என்கின்றனர் குடியிருப்போர். மாடிகள் பெருகினால் குடிநீரும் சாக்கடையும் சாலையும் தாங்குமா என்கின்றனர் மற்றவர். நவி மும்பை மாநகராட்சிக்குச் சொந்தமாக மோர்பே அணை உண்டு. ஆனால் அணையின் கொள்ளளவு மாடிகளோடு உயராது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அவற்றை எடைபோடுவதற்காகத்தான் மாநகர மன்றம் இருக்கிறது. ஆனால் 2020 மே மாதம் மன்றத்தின் காலம் முடிந்தபின் 2026 சனவரி வரை தேர்தலே நடக்கவில்லை. அடுத்த இருபதாண்டுகளுக்கான வரைவு வளர்ச்சித் திட்டம் 2022-இல் வெளியானபோது, இந்நகரில் நிர்வாகியின் ஆட்சி.

வரம்பே கூடாது என்பது என் வாதமன்று. தண்ணீருக்கும் சதுப்புநிலத்துக்கும் எல்லை உண்டு. நகரத்துக்கும் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அறுபது ஆண்டுகளின் வரலாறு காட்டுவது இதுதான்: குழு, வாரியம், நிறுவனம், நிர்வாகி என மாறி மாறி வரம்பை வரைந்தார்கள், அதன்மேல் பாய் விரிப்பவர் அந்த அறையில் இருந்ததில்லை. அலுவலகத்துக்குத் தளர்ந்த வரம்பு, குடியிருப்புக்கு இறுகியது. இன்று தாராவியில் 2000 சனவரி 1 என்னும் தேதி, யார் அங்கேயே தங்கலாம், யார் வெளியே போகவேண்டும் என்று பிரிக்கும்போதும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி 'எத்தனை' என்பதன்று. 'யாரைக் கேட்டு' என்பது.

ஒரு வேண்டுகோள். 1976 குடிசைக் கணக்கெடுப்பின் புகைப்பட அட்டை, சிட்கோவின் ஒதுக்கீட்டுக் கடிதம், சங்கக் கூட்டக் குறிப்பேடு, எதுவாயினும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். குழுக்களின் அறிக்கைகள் நூலகத்தில் இருக்கின்றன. அந்த அறைக்கு வெளியே நின்றவர்களின் வரலாறு உங்கள் பெட்டிகளில்தான் இருக்கிறது.