கீழ்வாய் எண்களும் அடுக்குக்குறியும்: வேலியின் நுண்பின்னம் முதல் செம்பரம்பாக்கம் ஏரி வரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கணக்கு மரபின் எண் வடிவங்களும் கீழ்வாய் எண்களும் அடுக்குக்குறிச் சிந்தனையைத் தம்முள் கொண்டவை. சோழர் கால நில அளவை குறித்து வழங்கிவரும் ஒரு நுண்பின்னத்தை அடுக்குக்குறியில் எழுதிப் பார்த்தால், அதற்குத் தரப்படும் வழக்கமான விளக்கம் பொருந்தவில்லை என்பது தெரிகிறது. இதே முறையைச் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியின் நில, நீர் அளவுகளுக்குப் பொருத்திக் காட்டி, அடுக்குக்குறியைக் கற்பிப்பதற்கு உள்ளூர்ச் சான்றுகள் போதுமானவை என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: கீழ்வாய் இலக்கம், முந்திரி, அடுக்குக்குறி, அறிவியல் குறியீடு, வேலி, காணி, செம்பரம்பாக்கம்.

முன்னுரை

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அடுக்குகள் ஏழாம் வகுப்பிலும் அறிவியல் குறியீடு ஒன்பதாம் வகுப்பிலும் இடம்பெறுகின்றன. கதிரவனின் தொலைவு, அணுவின் பருமன் முதலியவை இப்பாடத்துக்குரிய வழக்கமான எடுத்துக்காட்டுகள். இவை மாணவர் தாமே அளந்தறிய இயலாதவை. ஆகவே விடை பத்து மடங்கு பிழைத்தாலும் அப்பிழை மாணவருக்குப் புலனாவதில்லை. நிலத்தையும் நெல்லையும் நீரையும் கணக்கிட்ட தமிழ் மரபில் இக்குறையைப் போக்கும் சான்றுகள் நிரம்ப உள்ளன.

மேல்வாய் எண்களின் எழுத்துமுறை

பழந்தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக்குறிகள் உண்டு. 3645 என்பது ௩௲௬௱௪௰௫ என எழுதப்படும். குறி ஒவ்வொன்றும் பத்தின் ஓர் அடுக்கைச் சுட்டுகிறது. அதற்கு முன் நிற்கும் எண் அவ்வடுக்கின் கெழுவாகிறது. அதாவது இவ்வடிவம் 3×10³ + 6×10² + 4×10 + 5 என்பதன் நேர் எழுத்தாக்கம். பதினாயிரம் ௰௲ எனவும் நூறாயிரம் ௱௲ எனவும் எழுதப்பட்டன. 10×10³ = 10⁴, 10²×10³ = 10⁵ என அடுக்குகளைக் கூட்டும் விதி இங்கு எழுத்தின் அடுக்குமுறையிலேயே அமைந்துவிடுகிறது.

பேரெண்களுக்குப் பெயரிடும் வழக்கமும் தொன்மையானது. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதி கூறுகிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பனவற்றை அவற்றுக்குச் சான்றாக்குகின்றனர். பரிபாடலின் இரண்டாம் பாடல் இத்தகைய பெயர்களால் ஊழிக்காலத்தின் நீட்சியைச் சுட்டுகிறது. அங்கு எண் கற்பனையின் எல்லையைத் தொடுகிறது. கீழ்வாய் எண்களோ அன்றாடக் கணக்குக்குரியவை.

‘கீழ்’ என்னும் சொல்லின் செயல்

நான்மா 1/5, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவ்வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு முன்னுள்ளதன் காற்பங்கு. எனவே இதனை 1/5 × 4⁻ⁿ என ஒரே வடிவில் எழுதலாம். கால், மாகாணி என்னும் 1/4, 1/16 ஆகியவையும் நான்கின் எதிர் அடுக்குகளே. முந்திரியோடு கீழ்வாய் இலக்கம் முடிகிறது. அதனினும் சிறியவை கீழ்வாய்ச் சிற்றிலக்கம் எனப்படும்.

சிற்றிலக்கத்தில் புதிய பெயர்கள் வேண்டப்படாத வகையில் ‘கீழ்’ என்னும் அடைமொழி செயற்படுகிறது. ஓர் எண்ணின்முன் இது வரும்போது அவ்வெண் 320 ஆல் வகுக்கப்படுகிறது. கீழ்முந்திரி 1/320 × 1/320 = 1/1,02,400, அதாவது 320⁻². கீழரை 1/640, கீழ்க்கால் 1/1280. ‘கீழ்’ ஒவ்வொரு முறை அடுக்கி வரும்போதும் அடிமானம் 320 இன் எதிர் அடுக்கு ஒன்று கூடுகிறது. அறிவியல் குறியீட்டில் 10⁻¹ ஆற்றும் பணியை இங்கு 320⁻¹ ஆற்றுகிறது எனலாம்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியின் வாய்பாடுகள் ஓதி மனனம் செய்யப்பட்டன. அவற்றுள் குழிமாத்து நிலப்பரப்பைக் காண உதவியது. நீளமும் அகலமும் பின்னங்களாக இருக்கும்போது அவற்றின் பெருக்கம் இயல்பாகவே ‘கீழ்’ வரிசைக்குள் இறங்கிவிடும்.

இதற்கு மாறான வேறொரு வரிசையும் உண்டு. பரவலாக வழங்கும் பட்டியலின்படி 21 இம்மி ஒரு கீழ்முந்திரி. 11 மும்மி ஓர் இம்மி. 7 அணு ஒரு மும்மி. இவ்வாறு ஓர் அணு 1/16,55,80,800, அதாவது ஏறத்தாழ 6.04×10⁻⁹ ஆகிறது. இங்கு அடிமானம் படிதோறும் மாறுகிறது. 320 = 2⁶×5 ஆதலின் மூன்றாலும் ஏழாலும் பதினொன்றாலும் வகுக்கும்போது ‘கீழ்’ வரிசையில் மீதி தீர்வதில்லை. 21, 11, 7 என்னும் எண்கள் அக்குறையை நிரப்பவே இடம்பெற்றன எனக் கருத இடமுண்டு.

வேலியின் நுண்பின்னம்

சோழர் வரலாற்று நூல்களில் ஒரு செய்தி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் ஒரு வேலியின் 1/52,42,88,00,000 பங்கு வரை நிலம் அளந்து வரி விதிக்கப்பட்டது என்பதே அது. இந்த எண் பெரும்பாலும் வியப்புக்குரியதாக மட்டுமே காட்டப்படுகிறது.

இவ்வெண்ணைக் காரணிப்படுத்தினால் 5×320⁴ கிடைக்கிறது. 1/5 என்னும் நான்மா நான்கு முறை ‘கீழ்’ இறங்கிய இடம் இது. ஆகவே இப்பின்னம் முழுவதும் தமிழ்க் கீழ்வாய் முறைக்குள் பிறந்தது என்பது உறுதியாகிறது. அறிவியல் குறியீட்டில் இதன் பகுதி 5.24288×10¹⁰.

இப்பங்கின் பரப்பை அடுத்துக் காணலாம். இக்கால வழக்கில் ஒரு வேலி சுமார் 6.67 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2.7×10⁴ சதுர மீட்டர். இதனை 5.24×10¹⁰ ஆல் வகுத்தால் 5.1×10⁻⁷ சதுர மீட்டர் வருகிறது. இது அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணி அடைக்கும் இடத்தைவிடச் சிறியது. சோழர் கால வேலி இக்கால வேலியைப்போல் பத்து மடங்கு பெரியது எனக் கொண்டாலும் விடை ஏறத்தாழ ஐந்து சதுர மில்லிமீட்டரே.

நூறு மீட்டர் பக்கமுள்ள ஒரு வயலை அளக்கும் கோல் அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் பரப்பில் ஒரு சதுர மீட்டர் பிழை நேரும். அப்பிழை மேற்கண்ட பங்கைப்போல் ஏறத்தாழ 2×10⁶ மடங்கு. எனவே அளவுகோலைக் கொண்டு அப்பங்கு அளக்கப்பட்டது என்னும் விளக்கம் ஏற்கத்தக்கதன்று.

அப்பின்னம் கணக்கன் கையில் விளைந்தது எனக் கொள்வதே பொருந்தும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊரின் மொத்த நிலத்தைக் கூறி, அதிலிருந்து ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்து, ‘இறையிலி நீங்கு நிலம்’ எவ்வளவு எனக் காட்டுகின்றன. பின்னங்களைப் பெருக்கியும் கழித்தும் செல்லும் இக்கணக்கில் மீதியை முழுமையாக்காமல் கடைசி வரை கொண்டுசென்றால்தான் மொத்தமும் பகுதிகளும் ஒத்துவரும். ஆகவே அப்பின்னம் அளவைத் துல்லியத்துக்குச் சான்றாகாது. கணக்கு நேர்மைக்குச் சான்றாகும். இவ்வாறு கொள்வதால் சோழர் நிருவாகத்தின் பெருமை குறைவதில்லை. அதன் இடம் வயலிலிருந்து ஓலைக்கு மாறுகிறது.

மேற்குப் புறநகரில் அடுக்குக்குறி

எண்ணின் பத்தடுக்கைக் கொண்டு ஒரு கூற்றைச் சோதிக்கும் இம்முறை பழைய ஆவணங்களுக்கு மட்டும் உரியதன்று. தொண்டைமண்டலத்தின் அளவுகளும் இதற்கு ஏற்றவை. பூந்தமல்லியை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவாய்வு, ஊர்க் கணக்கர்களின் ஓலைக் கணக்குகளோடு தொடர்புடையது. இப்பகுதியில் காணி என்பது நிலப்பரப்பின் பெயருமாகும். 24 அடிப் பக்கமுள்ள சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. எனவே ஒரு காணி 5.76×10⁴ சதுர அடி. அம்பத்தூரிலும் ஆவடியிலும் இன்று மனை விற்பனையில் வழங்கும் ‘கிரவுண்டு’ 2.4×10³ சதுர அடி. இது காணியில் சரியாக 24 இல் ஒரு பங்கு.

பூந்தமல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கன அடி என்னும் இவ்வலகில் 10³×10⁶ = 10⁹ என்னும் அடுக்கு விதி அடங்கியுள்ளது. ஏரியின் நீர் 3.645×10⁹ கன அடி. அதனை ஓரடி ஆழத்துக்குப் பரப்பினால் 3.645×10⁹ ÷ 2.4×10³ = 1.52×10⁶, அதாவது ஏறத்தாழ 15 லட்சம் கிரவுண்டு மனைகள் மூழ்கும். இது கற்பனைக் கணக்கு.

2015 திசம்பர்த் தொடக்கத்தில் இவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. இது நடந்த செய்தி. புதிய நீர்வரத்து இல்லை எனக் கொண்டால், நிரம்பிய ஏரி இவ்வேகத்தில் வடிய 3.645×10⁹ ÷ 2.9×10⁴ = 1.26×10⁵ நொடிகள், அதாவது சுமார் 35 மணி நேரம் ஆகும். ஒரு நாளில் வெளியேறும் நீர் 2.5×10⁹ கன அடி. ஏரியின் கொள்ளளவில் மூன்றில் இரு பங்குக்கும் மேல். நொடிக்குரிய எண்ணாகச் செய்தியில் வரும்போது 29,000 என்பதன் கடுமை பலருக்கும் புலப்படுவதில்லை. ஏரியின் கொள்ளளவோடு ஒரே பத்தடுக்கில் வைக்கும்போதே அது விளங்குகிறது.

முடிவுரை

௲ என்னும் குறியும் ‘கீழ்’ என்னும் அடைமொழியும் அடுக்குக்குறிச் சிந்தனை தமிழ்க் கணக்கு மரபுக்கு அயலானதன்று என்பதை உணர்த்துகின்றன. வேலியின் நுண்பின்னம் அடுக்குக்குறியில் எழுதப்பட்டபோது, அதன் பிறப்பிடம் அளவுகோல் அன்று, கணக்கோலை என்பது வெளிப்பட்டது. செம்பரம்பாக்கத்தின் நீர்க்கணக்கு அதே முறையின் இன்றைய பயனைக் காட்டுகிறது. வகுப்பறையில் இத்தகைய கணக்குகள் இடம்பெற்றால், விடையைக் காண்பதோடு அவ்விடை நிலத்திலும் நீரிலும் பொருந்துமா எனச் சோதிக்கும் பழக்கமும் மாணவரிடம் வளரும்.