பக்தாதில் இரண்டு நாட்கள்



யூதப் படுகொலை என்றதும் வகுப்பில் பிள்ளைகள் ஹிட்லரையும் ஜேர்மனியையும் சொல்வார்கள். பக்தாதை யாரும் சொல்வதில்லை. நாமும் சொல்லிக் கொடுப்பதில்லை.

சுமார் 2500 ஆண்டுகளாக யூதர்கள் ஈராக்கில் வாழ்ந்தார்கள். அவர்கள் பேசியது அரபு மொழி. நவீன ஈராக்கின் முதல் நிதியமைச்சரே ஒரு யூதர்தான்: சாசூன் எஸ்கெல்.

1930களில் நிலைமை மாறியது. பிரித்தானியா மீது மக்களுக்கு நியாயமான கோபம் இருந்தது. பலஸ்தீன விவகாரம் அதைக் கூட்டியது. அந்தக் கோபத்தை நாஜி ஜேர்மனி பயன்படுத்திக்கொண்டது. பேர்லின் வானொலி அரபு மொழியிலேயே யூத வெறுப்பைப் பரப்பியது.

1941 ஏப்ரலில் ரஷீத் அலி அல்-கைலானி இராணுவத் துணையுடன் ஆட்சியைக் கைப்பற்றினார். மே மாதம் பிரித்தானியாவுடன் போர் மூண்டது. தோற்றதும் அவர் நாட்டை விட்டே ஓடினார். தோல்விக்கு யாரையாவது குற்றம் சொல்ல வேண்டுமே! "யூதர்கள் பிரித்தானிய உளவாளிகள்" என்ற வதந்தி ஏற்கெனவே பரவியிருந்தது.

ஜூன் 1, யூதர்களின் ஷவூஒத் பெருநாள். அன்று தொடங்கிய தாக்குதலில் படையினரும் பொலிஸாரும்கூடச் சேர்ந்துகொண்டனர். வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. பிரித்தானியப் படை நகருக்கு வெளியே நின்றது, உள்ளே வரவில்லை. மறுநாள் ஊரடங்கு போட்டு, கொள்ளையர் மீது சுட்ட பிறகுதான் அடங்கியது. கொல்லப்பட்ட யூதர்கள் 180 பேர் வரை என்று கணக்கிடப்படுகிறது. இதைத்தான் 'ஃபர்ஹூத்' என்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல முஸ்லிம் குடும்பங்கள் யூத அயலவரைத் தம் வீடுகளில் மறைத்து வைத்துக் காப்பாற்றின. அதே ஊர், அதே மார்க்கம். ஒருவர் கதவை உடைத்தார், இன்னொருவர் கதவைத் திறந்தார்.

பத்தாண்டுகளுக்குள், 1950-51இல், சுமார் 1,20,000 யூதர்கள் ஈராக்கை விட்டு வெளியேறினர். ஒரு பழைமையான சமூகம் ஏறத்தாழ முடிந்தே போனது.

பலஸ்தீனத்துக்காக நாம் அழுவது நியாயம். ஆனால் ஓர் அரசின் மீதுள்ள கோபத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் மீது இறக்குவது அநியாயம். வதந்தியால் கடை எரிவது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நமக்கு நடந்தபோது வலித்தது, நம்மவர் செய்தபோதும் வலிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் வரலாறு படித்ததில் அர்த்தமில்லை.

பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.