பனிப்பாதை – 9: கொடியில்லாதவர்

2010 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. கனடாவின் விஸ்லர் மலை. வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கின் திறப்பு விழாவுக்கு இன்னும் சில மணி நேரமே இருக்கிறது. ஜார்ஜியாவைச் சேர்ந்த 21 வயது நோடார் குமரிடாஷ்விலி, லூஜ் பயிற்சி ஓட்டத்தின் கடைசி வளைவில் பாதைக்கு வெளியே தூக்கி எறியப்பட்டு, இரும்புத் தூணில் மோதி உயிர் விட்டார். சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தினோம். மறுநாள் அதே பாதையில் இறங்க வேண்டியவர்களின் பட்டியலில் இந்தியாவின் ஷிவ கேசவன் பெயரும் இருந்தது.

இறங்கினாரா?

இறங்கினார். ஒரே இரவில் பதினாறாம் வளைவின் ஓரச்சுவரை உயர்த்திக் கட்டினார்கள். ஆண்கள் புறப்படும் இடத்தைக் கீழே இறக்கி, பெண்கள் புறப்படும் இடத்துக்கு மாற்றினார்கள். பாதையில் குறை ஏதும் இல்லை, ஓட்டியவரின் தவறுதான் என்று சொல்லிக்கொண்டே இதையெல்லாம் செய்தார்கள். குறையே இல்லாத பாதைக்கு எதற்கு ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர்? அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு நாளில் நான்கு ஓட்டம் ஓடி முடித்த கேசவனுக்குக் கிடைத்தது 29-ஆம் இடம்.

“கீழ்வேளூரில் உட்கார்ந்துகொண்டு பனியைப் பற்றி எழுதுகிறீரே, உமக்கே நியாயமா?” என்று எங்கள் கடைத்தெருவில் ஒருவர் கேட்டார். நியாயமில்லைதான். இங்கே பிப்ரவரி என்றால் அறுவடை முடிந்த வயலில் உளுந்து தலைகாட்டும் மாதம். மேடு என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் கேடிலியப்பர் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அது மாடக்கோயில், படியேறித்தான் சாமி பார்க்கலாம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடல் வரைக்கும் சுமார் எண்பது கிலோமீட்டரில் நிலம் இறங்குவது அறுபது மீட்டருக்குள். வாய்க்கால் தண்ணீரே எந்தப் பக்கம் போவது என்று யோசித்து நிற்கிற ஊர் இது. விஸ்லர் பாதையோ ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் 152 மீட்டர் இறங்குகிறது. அந்தச் சரிவில் ஒரு மனிதன் முழங்கால் உயரம்கூட இல்லாத சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டி, மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் போகிறான். கையில் பிடித்துத் திருப்ப ஸ்டீயரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. கெண்டைக்காலால் வண்டியின் முன்பக்கத்தை அழுத்தியும் தோளைச் சாய்த்தும்தான் திருப்ப வேண்டும். தலையைத் தூக்கிப் பாதையைப் பார்த்தால் காற்று பிடித்துக்கொள்ளும், நேரம் போய்விடும். நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுகிறார்கள்.

இந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, எட்டு வாரக் கதையைச் சுருக்கிவிடுகிறேன்.

மணாலியில் 1981-இல் பிறந்தவர் கேசவன். அப்பா மலையாளி, அம்மா இத்தாலிக்காரர். சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, லூஜ் விளையாட்டுக்குப் புது நாடுகளில் ஆள் தேடி வந்த ஆஸ்திரியாவின் குந்தர் லெம்மரர் பஞ்ச்குலாவில் ஒரு முகாம் நடத்தினார். ஜமைக்காவின் பாப்ஸ்லெட் பனிவண்டி அணியின் கதையான ‘கூல் ரன்னிங்ஸ்’ படத்தைப் பையன்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, சக்கரம் வைத்த சறுக்குவண்டியில் ஏற்றித் தார்ச்சாலையில் விட்டார்கள். அங்கே பொறுக்கியெடுத்த பையன், 1998-இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் மூவர்ணக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வயது 16. இந்திய அணி என்பதே அவன் ஒருவன்தான். லூஜில் 28-ஆம் இடம்.

அதே நாகானோவில்தான் இத்தொடரின் இன்னொரு நாயகரையும் சந்தித்தோம். நார்வேயின் ஓலே ஐனார் பியோர்ண்டாலன், அப்போது 24 வயது. அவருடைய விளையாட்டு பயத்லான். பனிச்சறுக்குக் கட்டைகளில் மூச்சிரைக்க ஓடி வந்து, முதுகில் தொங்கும் துப்பாக்கியை எடுத்து, ஐம்பது மீட்டர் தூரத்திலிருக்கும் ஐந்து கரும்புள்ளிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது புள்ளியின் அகலம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. ஒன்று தவறினால் 150 மீட்டர் வட்டத்தைத் தண்டனையாகச் சுற்றிவர வேண்டும். நார்வேயின் எல்லைக்காவல் வீரர்கள் 1767-லேயே இப்படிப் போட்டி போட்டிருக்கிறார்கள். பனியும் துப்பாக்கியும் சேர்ந்த பள்ளி நம்மிடமும் உண்டு. 1948-இல் ஜெனரல் திம்மையா குல்மார்கில் தொடங்கிய ராணுவப் பனிச்சறுக்குப் பள்ளி அது. அங்கே துப்பாக்கி எல்லையைக் காக்கப் போனது, பதக்க மேடைக்கு வரவில்லை. அந்தக் கிளைக்கதைக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

நாகானோவில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடுவழியில் இருக்கும்போது பனி கொட்டியது, மூடுபனி இலக்குகளை மறைத்தது. போட்டியை ரத்து செய்தார்கள். மறுநாள் மறுபடி எல்லோரும் முதலிலிருந்து ஓடினார்கள். பியோர்ண்டாலன் ஒரு நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். பத்திருபது நொடியில் தங்கம் கைமாறும் விளையாட்டில் ஒரு நிமிடம் என்பது அநியாயம்.

அதன்பிறகு இருவரும் நான்காண்டுக்கு ஒருமுறை ஒரே ஊருக்குப் போய்வந்தார்கள். 2002, சால்ட் லேக் சிட்டி. அந்த ஆண்டு ஆண்கள் பயத்லானில் இருந்ததே நான்கு தங்கம். நான்கையும் பியோர்ண்டாலன் அள்ளிக்கொண்டார். கேசவனுக்கு 33-ஆம் இடம். அந்தச் சமயத்தில் இத்தாலி அணியிலிருந்து கேசவனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அம்மா வழியில் உரிமை இருக்கிறது. சம்மதித்தால் பயிற்சியாளர், வண்டி, பனிப்பாதை, பயணச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மணாலி மலைச்சாலையில் லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே சக்கர வண்டியில் படுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தவருக்கு இது சின்ன விஷயமா?

வேண்டாம் என்றுவிட்டார்.

இதைத் தேசபக்திக் கதையாக மட்டும் சொல்லிக் கைதட்டுவது சுலபம். அந்த ‘வேண்டாம்’ அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவருக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பார்த்தால் கைதட்டத் தோன்றாது. 2006 டூரினில் 25-ஆம் இடம், அதுவரை அவருக்குக் கிடைத்ததில் சிறந்தது. ஆனாலும் 2010-இல் வான்கூவர் போக உச்ச நீதிமன்ற வழக்கறிஞர்கள் சிலர் தங்களுக்குள் பணம் திரட்டித் தர வேண்டியிருந்தது. நார்வேயில் சிமோஸ்ட்ராண்டா என்ற சிற்றூரின் பண்ணை வீட்டுப் பிள்ளை பியோர்ண்டாலன். அவருக்கு ஊருக்குள்ளேயே சங்கம் இருந்தது, அதற்கு மேலே கூட்டமைப்பு இருந்தது, கட்டைக்கு மெழுகு பூசுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர் கவலைப்பட வேண்டியதெல்லாம் சளி பிடிக்காமல் இருப்பதுதான். அதையும் விடவில்லை. ஓட்டல் அறையைச் சுத்தம் செய்ய வேக்குவம் கிளீனரைக் கையோடு கொண்டுபோவார். நம் ஆள் போகிற இடத்துக்கெல்லாம் ரசீதுகளைக் கொண்டுபோனார்.

2011-இல் நாகானோவில் ஆசியக் கோப்பைத் தங்கம். 2012-இலும் தங்கம். முப்பது வயதைத் தாண்டியபின் கேசவனுக்கு நல்ல காலம் பிறந்தது போலிருந்தது. அடுத்த ஒலிம்பிக் ரஷ்யாவின் சோச்சி. அங்கே என்ன தடங்கல் வந்துவிட முடியும்?

வந்தது. டெல்லியிலிருந்து வந்தது.

2012 டிசம்பர் 4. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. சங்கத் தேர்தல் ஒலிம்பிக் சாசனப்படி நடக்கவில்லை, அரசின் தலையீடு இருக்கிறது என்பது குற்றச்சாட்டு. சங்கம் அதைப் பொருட்படுத்தாமல் மறுநாளே தேர்தலை முடித்தது. காமன்வெல்த் போட்டி முறைகேட்டு வழக்கில் குற்றம்சாட்டப்பட்டிருந்த ஒருவரே போட்டியின்றிப் பொதுச் செயலாளர் ஆனார். குற்றப்பத்திரிகை உள்ளவர்கள் பதவிக்கு நிற்கக்கூடாது என்று விதியை மாற்றுங்கள், தடையை நீக்குகிறோம் என்றது சர்வதேசக் கமிட்டி. இந்த இழுபறியில் ஓராண்டு போனது. கடைசியில் விதியை மாற்ற ஒத்துக்கொண்டு, புதுத் தேர்தலுக்கு நாள் குறித்தார்கள்.

குறித்த நாள் 2014 பிப்ரவரி 9. சோச்சி திறப்பு விழா பிப்ரவரி 7.

சில நாள் முன்னால் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். வைக்கவில்லை. திறப்பு விழாவில் எல்லா நாட்டு வீரர்களும் தங்கள் கொடியோடு வர, கேசவனும் ஹிமான்ஷு தாக்கூரும் நதீம் இக்பாலும் ஐந்து வளையக் கொடியின் பின்னால் வந்தார்கள். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் இல்லை, ‘சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்’ என்றிருந்தது. நாகானோவில் பதினாறு வயதில் தனியாளாகத் தூக்கிய கொடி, முப்பத்திரண்டு வயதில் கையில் இல்லை.

அதோடு போகவில்லை. போட்டிக்கு முந்தைய பயிற்சி ஓட்டத்தில், வளைவொன்றில் சறுக்குவண்டி அவரை விட்டுப் பிரிந்தது. முதுகு பனிக்கட்டியில், வண்டி பக்கத்தில், இரண்டும் ஒரே வேகத்தில் கீழே போகின்றன. விஸ்லரை நினைத்துக்கொண்டு அந்தக் காணொளியைப் பார்ப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். கேசவன் வண்டியை விடவில்லை. சறுக்கிக்கொண்டே அதைப் பிடித்து இழுத்து, உடம்பை அதன்மேல் ஏற்றி, மறுபடி மல்லாந்து படுத்து ஓட்டத்தை முடித்தார். சோச்சியில் அவர் நான்கு முறை ஓடிய போட்டியைவிட இந்தச் சில நொடிகளைத்தான் உலகம் அதிகம் பார்த்தது.

பிப்ரவரி 8, சனிக்கிழமை. கிராஸ்னயா போல்யானா மலையில் ஒரு சரிவில் லூஜ் பாதை, இன்னொரு சரிவில் பயத்லான் மைதானம். ஒரு பக்கம் கொடியில்லாத கேசவன் இறங்கினார். மறுபக்கம் பியோர்ண்டாலன் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நின்றார். நாற்பது வயது முடிந்து 12 நாள். இனிமேல் இந்த மனிதர் தனிநபர் தங்கம் ஜெயிக்க மாட்டார் என்று நார்வேக்காரர்களே எழுதியிருந்தார்கள். பத்துக் குண்டில் ஒன்று தவறியது. 150 மீட்டர் தண்டனை வட்டம். இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து முடிக்கிறார்கள், நேரப் பலகை மாறுகிறது. ஆஸ்திரியாவின் லாண்டர்டிங்கர் நெருங்கினார், இன்னும் நெருங்கினார்.

1.3 நொடி. தங்கம் பியோர்ண்டாலனுக்கு. குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை அந்த வயதில் யாரும் தனிநபர் தங்கம் வாங்கியதில்லை. பதினொரு நாள் கழித்துக் கலப்புத் தொடரோட்டத்தில் இன்னொரு தங்கம். மொத்தம் எட்டுத் தங்கத்தோடு 13 பதக்கம். தன் நாட்டின் பியோர்ன் டேலி வைத்திருந்த 12 பதக்கச் சாதனையைத் தாண்டினார்.

லூஜ் மறுநாளும் தொடர்ந்தது. ஜெர்மனியின் பெலிக்ஸ் லோக் தங்கம் வென்றார். 42 வயதில் ஏழாவது ஒலிம்பிக் ஆடிய ரஷ்யாவின் டெம்சென்கோ வெள்ளி வாங்கினார். 39 பேர் ஓடியதில் கேசவனுக்கு 37-ஆம் இடம். அவர் நான்காவது ஓட்டத்தை முடித்த அதே பிப்ரவரி 9 அன்றுதான் டெல்லியில் இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்குத் தேர்தல் நடந்து, நம் சென்னையைச் சேர்ந்த என். ராமச்சந்திரன் தலைவரானார். 11-ஆம் தேதி தடை நீங்கியது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் தடை நீங்கியது ஒலிம்பிக் வரலாற்றில் அதுவே முதல்முறை என்றார்கள். நதீம் இக்பாலும் ஹிமான்ஷு தாக்கூரும் இந்தியர்களாக ஓடினார்கள். கேசவனின் போட்டி அதற்குள் முடிந்துவிட்டது. ஆவணங்களில் அந்த 37-ஆம் இடத்துக்கு எதிரே இன்றைக்கும் இந்தியா என்ற பெயர் இல்லை.

இத்தோடு போதும் என்று இருவருமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பியோர்ண்டாலன் 2016-இல் ஆஸ்லோ உலகப் போட்டியில் 42 வயதில் நான்கு பதக்கம் வாங்கிவிட்டு, இன்னும் இரண்டு ஆண்டு ஓடுவேன் என்றார். கேசவன் 2016-இலும் 2017-இலும் ஆசியத் தங்கத்தைத் திரும்ப எடுத்தார். இருவர் கண்ணும் தென்கொரியாவின் பியோங்சாங் மேல். பியோர்ண்டாலனுக்கு அது ஏழாவது ஒலிம்பிக்காக இருக்கும், கேசவனுக்கு ஆறாவது.

2018 ஜனவரியில் பட்டியல்கள் வந்தன. ஒன்று, கேட்டதெல்லாம் கொடுத்து வளர்த்த நாட்டின் பட்டியல். இன்னொன்று, கொடியைக்கூடக் கொடுக்கத் தவறிய நாட்டின் பட்டியல். இருவரில் ஒருவருடைய பெயர்தான் இருந்தது.

(தொடரும்)