பாலையில் வாய்க்கால் வெட்டியவர்கள்

அரிசோனாவுக்கு வருகிறவர்களில் பலர் நேரே கிராண்ட் கேன்யனுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். என் வீட்டுக்கு வருகிறவர்களை நான் முதலில் அழைத்துப்போவது ஃபீனிக்ஸுக்குத் தென்கிழக்கே, கூலிட்ஜ் ஊரிலுள்ள காசா கிராண்டே இடிபாடுகளுக்கு.

சுமார் 1350இல் எழுந்த நான்கு அடுக்கு மண் மாளிகை அது. சுண்ணாம்புச் சத்துள்ள இறுகிய மண்ணைக் குழைத்துப் படை படையாக ஏற்றிய சுவர்கள், அடியில் நாலடி கனம்.

சுவரைவிட என்னை மலைக்கவைப்பவை வாய்க்கால்கள். அந்த மாளிகையை எழுப்பிய ஹோஹோகம் மக்கள் கீலா, சால்ட் ஆறுகளிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு அவற்றை வெட்டினார்கள். இழுக்க மாடில்லை, இரும்பில்லை. கல் மண்வெட்டியும் மரக்கோலும்தான். வாட்டம் கூடினால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் மேவும். அந்தக் கணக்கை எழுத்தில்லாமலே தலைமுறைகளாகக் காத்து, மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள்.

1450 வாக்கில் அவர்களின் பெரிய ஊர்கள் வெறிச்சோடின. 1867இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் பாசன நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, சால்ட் ஆற்றோரம் கிடந்த அவர்களின் பழைய வாய்க்கால் தடங்களைத் தூர்வாரத் துணிந்தார். ஃபீனிக்ஸ் நகரம் அந்தத் தண்ணீரில் பிறந்தது.

1892இல் கூட்டரசு காசா கிராண்டேயைப் பாதுகாப்பில் எடுத்தது; அமெரிக்காவில் தொல்லியல் இடம் ஒன்றுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை. அதே காலத்தில், ஹோஹோகம் வழிவந்த ஓதாம் மக்களின் கீலா ஆற்றுநீரை மேல்மடைக் குடியேறிகள் மறித்தார்கள். வயல்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது. ஓதாம் மக்களின் நீர்ப்பங்கைத் தீர்த்துவைக்கும் சட்டம் 2004இல்தான் வந்தது. முன்னோர் கட்டிய சுவரைக் காத்த அரசு, பிள்ளைகளின் தண்ணீரையும் காத்துத் தந்திருக்க வேண்டும்.