விடாத பிடி: காட்டுப்பன்றியும் வேட்டை நாயும்

சிட்னியில் இப்போது இரவு எட்டரை மணி. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பார்க்கிறவர்களுக்குத் தேநீர் நேரம். நான் பேச விரும்பும் தலைப்பைச் சொன்னதும் ஏற்பாட்டாளர்கள் சற்று நேரம் அமைதியாக இருந்தார்கள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற ஒரு செவிலிக்குப் பன்றி வேட்டை நாயோடு என்ன சம்பந்தம் என்று யோசித்திருப்பார்கள்.

சம்பந்தம் ஒரு நோயாளி மூலம் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நியூ சவுத் வேல்ஸின் வடக்குப் பகுதியில் ஓர் ஊர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தேன். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நனைந்துபோகிற அளவு வியர்வை, மூட்டுவலி என்று ஒரு பண்ணைத் தொழிலாளி வந்து சேர்ந்தார். "பன்றி வேட்டைக்குப் போவீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். அந்த வட்டாரத்தில் அது வழக்கமான கேள்வி. காட்டுப்பன்றியை வெட்டிச் சுத்தம் செய்கிறவர்களுக்குப் புருசெல்லா சூயிஸ் என்ற கிருமி தொற்றலாம். அவர் போவார். நடுராத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது கைபேசியில் படம் காட்டினார். பிள்ளைகள் படம் என்று நினைத்துக் குனிந்தேன். மார்பில் நீளத் தையல் போட்ட ஒரு நாய். "இவள் ஒரு தடவை பிடித்தால் விடமாட்டாள், சிஸ்டர்" என்றார்.

அந்த 'விடமாட்டாள்' என்ற சொல்லின் வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் தொழில் விவரம். பன்றி வேட்டையில் நாய்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, மோப்பம் பிடித்துத் தேடி, பன்றியை ஓடவிடாமல் சுற்றி நின்று குரைப்பது. இன்னொன்று, நேராகப் போய்க் கவ்வி, ஆள் வரும்வரை அசையவிடாமல் நிறுத்துவது. இந்த இரண்டாவது வேலைக்கான நாயைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். அகன்ற தாடை, ஆழமான மார்பு, கனமான கழுத்து வேண்டும். ஆனால் கனம் கூடினால் ஓட்டம் போய்விடும். எங்கே கவ்வுகிறது என்பதும் முக்கியம். ஆண் பன்றியின் தோள்பட்டைத் தோல் கேடயம்போலத் தடித்தது. அங்கே பல் இறங்காது. முகத்துக்கு நேரே பாயும் நாயைக் கோரைப்பல் கிழித்துவிடும். பக்கவாட்டில் வந்து காதைக் கவ்வும் நாய் பிழைக்கும். ஆட்டைத் தொடக்கூடாது, மனிதரைக் கடிக்கக்கூடாது, கூட வருகிற நாயோடு சண்டை போடக்கூடாது. இத்தனையும் ஒரே நாயில் அமைய வேண்டும்.

ஓநாயை நினைத்துப் பாருங்கள். இரை திருப்பித் தாக்கினால் அது விலகும், சுற்றும், பலவீனமான இன்னொன்றைத் தேடும். காயம்பட்ட ஓநாய்க்கு நாளை இரை இல்லை. தன் உயிர் போனாலும் விடாத பிடி இயற்கை கொடுத்த குணம் அல்ல. விடாத நாயையும் விடாத நாயையும் இணைத்து, விட்டுவிட்ட குட்டிகளை ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாக மனிதர் உண்டாக்கிய குணம் அது.

இது எவ்வளவு பழையது? கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் செனபோன் வேட்டை நாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முயலுக்கு ஒருவகை நாய், காட்டுப்பன்றிக்கு வேறுவகை நாய் என்று பிரிக்கிறார். பன்றிக்கு அவர் பட்டியலிடும் நாய்களில் இந்திய நாயும் உண்டு. அவருக்கு முன்பே ஹெரோடோட்டஸ், பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநர் ஏராளமான இந்திய நாய்களை வளர்த்தார், அவற்றுக்குத் தீனி போடும் பொறுப்புக்காக நான்கு பெரிய ஊர்களுக்கு மற்ற வரிகள் தள்ளுபடி செய்யப்பட்டன என்று எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்தில் பெரும்பாணாற்றுப்படை எயினரின் வேட்டையைக் காட்டுகிறது. நீர் குடிக்க வரும் பன்றிக்காக நள்ளிரவில் குழிக்குள் பதுங்கிக் காத்திருக்கிறார்கள். அது வாய்க்காவிட்டால் பகலில் நாய்களோடு புதர்களைக் கலைத்து, வலைகட்டி முயல் பிடிக்கிறார்கள். பன்றிக்குக் குழியும் இரவும், முயலுக்கு நாயும் பகலும். அந்த எயினர் பன்றியின் பலத்தை நன்றாக அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பன்றி உழவரின் பகையாகவும் இருந்தது. சங்கீதம் 80-ஐ வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். கர்த்தர் நட்ட திராட்சைச் செடியை உழுதுபோடுவது காட்டுப்பன்றிதான். கிழங்கும் தினையும் விளைந்த எல்லா ஊரிலும் இதே புலம்பல்தான். அதனால் பன்றியைப் பிடிக்கும் நாய்க்கு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு கல் சாட்சி.

கி.பி. 949-இல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் நடந்த போர் நமக்குத் தெரியும். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகனும் ஒரு பக்கம்; சோழ இளவரசன் இராசாதித்தன் மறுபக்கம். இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். 'ஆனைமேல் துஞ்சிய தேவர்' என்று சோழக் கல்வெட்டுகள் அவனைச் சொல்கின்றன. சோழர் வரலாற்றில் பெரிய துக்கம் அது.

அந்தப் போரில் வெற்றிபெற்ற பக்கத்தில் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். அவன் வீரத்துக்குப் பரிசாகக் கேட்டுப் பெற்றது ஒரு நாய். பெயர் காளி. பிறகு ஒருநாள் மலைப்பக்கம் ஒரு பெரிய காட்டுப்பன்றிமேல் காளியை ஏவினார்கள். நாய் பன்றியைக் கொன்றது; பன்றி நாயைக் கொன்றது. இன்றைய கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில், கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பம் அதில் இருக்கிறது. கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசாரியைப் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இராசாதித்தன் மரணத்தையும் ஒரு நாயின் மரணத்தையும் ஒரே கல் சொல்கிறது.

தமிழ்நாட்டிலும் நாய்க்குக் கல்லில் இடம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற நாய் நிற்கிறது. அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். அது காவல் நாய். காளி வேட்டை நாய். இருவருக்கும் பெயர் எழுதப்பட்டது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

பின்னாளில் பாளையக்காரர்கள் காலத்தில் தென் தமிழகத்தில் பன்றி வேட்டைக்குப் பேர்பெற்றவை இராஜபாளையமும் கோம்பையும். தேனிப் பக்கத்துக் கோம்பை செவலை நிறம், கருத்த முகம். இராஜபாளையம் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமானது. சட்டம் தேவையானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நாள்முதல் இந்த நாய்களின் வேலை போயிற்று. வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் முடிந்து, நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. வெள்ளை நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்ததில் காது கேளாத குட்டிகள் பிறந்தன. சென்னை சைதாப்பேட்டையில் அரசே ஓர் இனப்பெருக்க நிலையம் நடத்த வேண்டி வந்தது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை இராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. அதுவும் ஒருவகை நடுகல்தான்.

இலங்கைக்கு வருவோம். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்க் கூட்டம் வைத்து மரைகளையும் பன்றிகளையும் துரத்தினார். நாய்கள் பிடித்து நிறுத்த, இவர் கத்தியோடு போவார். அந்த வேட்டைகளைப் புத்தகமாகவும் எழுதினார். பன்றியிடம் நல்ல நாய்களை இழந்த வருத்தம் அதில் தெரிகிறது. வருத்தப்பட்டார், மறுநாளும் போனார்.

இதே ஆங்கிலேயர்தான் ஆஸ்திரேலியாவுக்கும் நாயைக் கொண்டுவந்தார்கள், பன்றியையும் கொண்டுவந்தார்கள். 1788-இல் வந்த முதல் கப்பல் தொகுதியிலேயே பன்றிகள் இருந்தன. கிரேஹவுண்டையும் ஸ்காட்லாந்து மான்வேட்டை நாயையும் கலந்து 'கங்காரு நாய்' உருவாயிற்று. தாஸ்மேனியாவில் 1804-க்குப் பிறகான பஞ்ச ஆண்டுகளில் வெள்ளைக் குடியேற்றம் பிழைத்ததே இந்த நாய்கள் பிடித்த கங்காரு இறைச்சியால். 1836 ஜனவரியில் சார்லஸ் டார்வின் சிட்னியிலிருந்து பாதர்ஸ்ட் போகும் வழியில், வாலரவாங்கில் கங்காரு வேட்டைக்குப் போனார். ஒரு கங்காருகூடக் கண்ணில் படவில்லை. ஆங்கிலேய நாய்கள் அவற்றை அழித்துவருகின்றன என்று குறித்துவைத்தார். ஐம்பதே ஆண்டுகளுக்குள் இந்த நிலை.

பண்ணைகளிலிருந்து தப்பிய பன்றிகளோ பெருகின. இன்று கண்டத்தின் ஏறக்குறைய பாதியில் அவை இருக்கின்றன. பயிரை உழுகின்றன, ஆட்டுக்குட்டிகளைத் தின்கின்றன, கேப் யார்க்கில் கடலாமை முட்டைகளைத் தோண்டுகின்றன. அவற்றுக்காக இங்கே உருவான நாய்தான் புல் அராப். 1970களில் மைக் ஹாட்ஜென்ஸ் என்பவர் புல் டெரியரின் பிடியையும் பாயிண்டரின் மோப்பத்தையும் கிரேஹவுண்டின் ஓட்டத்தையும் சேர்க்க முயன்றார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. இதே வேலையை 1920களிலேயே அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் அந்தோனியோ நோரெஸ் மார்த்தினெஸ் என்ற மருத்துவர் தொடங்கியிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட உள்ளூர்ச் சண்டை நாய்க்குத் துணிச்சல் அளவுக்கு மீறி இருந்தது. காட்டில் பன்றியை விட்டுவிட்டு ஒன்றையொன்று கடித்தது. அதன் வெறியைக் குறைப்பதற்காகவே வேறு பல இனங்களைக் கலந்தார். அப்படி வந்த டோகோ அர்ஜென்டினோவை ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரத் தடை. அதே வேலைக்கான உள்ளூர் நாய்க்குத் தடை இல்லை.

நியூ சவுத் வேல்ஸில் நாய்வைத்துப் பன்றி பிடிப்பது சட்டப்படி நடக்கிறது. வேட்டைக்காரர்கள் நாய்க்கு மார்புக் கவசமும் தடித்த கழுத்துப் பட்டையும் போடுகிறார்கள், இருக்குமிடம் காட்டும் கருவி கட்டுகிறார்கள். தையல் போட நூலும் ஊசியும் வண்டியிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அன்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. விலங்குநல அமைப்புகள் இதை எதிர்க்கின்றன. பன்றி படும் வேதனையையும் கணக்கில் சேர்க்கச் சொல்கின்றன. அதையும் என்னால் மறுக்க முடியவில்லை. காதைக் கவ்வியபடி நாய் தொங்க, கத்தி வரும்வரை பன்றி அலறும் நேரம் ஒரு நிமிடமோ பத்து நிமிடமோ, அது யாருடைய கணக்கில் எழுதப்படும்?

அந்த நோயாளிக்கு வந்த நோய் நாய்க்கும் வரும். பச்சைப் பன்றி இறைச்சியைத் தின்ற நாய்க்கும், பன்றியைக் கவ்விய நாய்க்கும் தொற்றலாம். மனிதருக்கு வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துக் குணமாக்குகிறோம். நாய்க்கு முழுக் குணம் உறுதியில்லை. பல நேரம் மருத்துவர் சொல்வது கருணைக்கொலை. அவருடைய நாய்க்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமலே எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

நாயின் துணிச்சலை நாம் புகழும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தத் துணிச்சலை அது தேர்ந்தெடுக்கவில்லை. அதற்காக அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம். விடாத பிடியை உண்டாக்கிய கைக்குத்தான் அதனால் வரும் காயத்தின் பொறுப்பும், வேலை போன பிறகு சோறு போடும் பொறுப்பும். ஆதகூரில் கல் நட்டவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாய் செத்ததும் வேறொரு நாயை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. பெயரை எழுதினார்கள், நிலம் விட்டார்கள், மறக்கிறவனைப் பாவம் சேரும் என்றார்கள்.

அடுத்தமுறை பெங்களூரு போகிறவர்கள் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வாருங்கள். கேள்விகள் இருந்தால் பேசலாம்.