பகடி, சொசைட்டி, போட்டோபாஸ்: பம்பாயில் நாம் வாங்கிய வீடுகள்

எங்கள் பெரியப்பா குடும்பம் மாட்டுங்காவில் "சொந்த வீட்டில்" நாற்பத்து நாலு வருஷம் இருந்தது. 1962-இல் பெரியம்மாவின் வளையல்களை விற்று, ஊரில் கடன் வாங்கி, மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்கிய இரண்டு அறை. ஊருக்குப் போனால் "அவாளுக்கென்ன, பம்பாயில் சொந்த வீடு" என்பார்கள்.

2006-இல் பெரியம்மா காலமானாள். காரியம் முடிந்து அண்ணா அமெரிக்கா திரும்புவதற்குள் பில்டிங் ஓனரின் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அது சொந்த வீடு இல்லை என்பது குடும்பத்தில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அப்போது வங்கியில் சேர்ந்து மூன்று வருஷம். பெரியம்மாவின் டிரங்க் பெட்டியைக் குடைந்து பார்த்தேன். பத்திரம் என்று ஒன்றுமே இல்லை. கட்டுக்கட்டாக வாடகை ரசீதுகள், மாசம் 48 ரூபாய்க்கு!

இது எப்படி நடந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசல்தான் காரணம் என்று முடிவு கட்டி, 1898-இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை அரசு தொடங்கியது. அகலமான தெருக்களும் தோட்டங்களுமாக இன்று நாம் பார்க்கும் தாதர், மாட்டுங்கா எல்லாம் அந்த டிரஸ்ட் போட்ட மனைகள். மனையை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தவர்கள் மூன்று மாடி, நாலு மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள். கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களுக்கு டைப்பிஸ்ட், கிளார்க் வேலைக்கு வந்த நம்மவர்கள் அங்கே குடியேறினார்கள். 1932-இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியே தொடங்கும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆனால் எல்லோரும் வாடகைக்காரர்கள். ரிட்டயர் ஆனால் ஊருக்குத்தானே போகப் போகிறோம், இங்கே எதற்கு வீடு என்ற நினைப்பு.

பிறகு யுத்தம், பிரிவினை, அகதிகள் வருகை. வாடகை எகிறாமல் இருக்க 1947-இல் பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. பழைய வீடுகளுக்கு 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி இருந்த வாடகைதான் அளவுகோல். குடியிருப்பவரைச் சுலபத்தில் காலி செய்யவும் முடியாது. ஓனர் என்ன செய்வார்? உள்ளே வரும்போதே ஒரு பெரிய தொகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். அதுதான் பகடி. ஹிந்தியில் தலைப்பாகை என்று அர்த்தம். அதை வாங்குவது அந்தச் சட்டப்படி குற்றம், அதனால் ரசீது கிடையாது. வீட்டைக் கைமாற்றினால் வரும் பணத்தில் ஓனருக்கு ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மாநில அரசு 1999-இல் கொண்டுவந்து 2000 மார்ச் 31 முதல் நடப்புக்கு வந்த புதிய வாடகைச் சட்டம்தான் இந்தக் கொடுக்கல் வாங்கலை அனுமதித்தது.

பெரியப்பா வாங்கியது இதைத்தான். வாங்கியது வீட்டை அல்ல, காலி செய்யாமல் குடியிருக்கும் உரிமையை. வாடகைதாரர் இறந்தால் அந்த உரிமை அவரோடு கூடக் குடியிருந்த குடும்பத்தினருக்குப் போகும். அண்ணாவோ 1989-லிருந்து நியூ ஜெர்சியில். பெரியம்மா கடைசி வரை தனியாக இருந்தாள். கேஸ் போட்டால் பதினைந்து வருஷம் இழுக்கும் என்றார் வக்கீல். கடைசியில் ஓனர் கொடுத்த தொகையை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தோம். அந்தத் தொகையில் செம்பூரில் ஒரு பாத்ரூம்கூட வாங்க முடியாது.

செம்பூர் கதை வேறு. 1950-களில் டிராம்பே பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும் வந்தன. வேலைக்கு வந்த நம்மவர்கள் அக்கம்பக்கத்தில் இடம் தேடினார்கள். அதற்குள் ஓனர்ஷிப் ஃபிளாட் என்ற புது வழி பிறந்திருந்தது. இதற்கு விதை 1915-இல் காம்தேவியில் சாரஸ்வத் சமூகத்தார் தொடங்கிய கூட்டுறவு வீட்டுச் சங்கம். 1963-இல் மகாராஷ்டிர ஃபிளாட் சட்டம் வந்தது. பெரிய தொகையை முன்பணமாக வாங்குமுன் பில்டர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், சொசைட்டி அமைக்க வேண்டும், பிறகு நிலத்தையும் கட்டடத்தையும் அதன் பேருக்கு மாற்ற வேண்டும். 1977-இல் எச்.டி.எஃப்.சி. தொடங்கிய பிறகு மாதச் சம்பளக்காரருக்கும் வீட்டுக் கடன் எட்டியது.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. ஷேர் சர்ட்டிபிகேட் கையில் இருக்கும், நிலம் இன்னும் பில்டர் பேரிலேயே கிடக்கும். முப்பது வருஷம் கழித்து கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்று கூட்டம் போடும்போதுதான் தெரியவரும். பில்டர் மாற்றித் தராவிட்டால் சொசைட்டியே அரசு அதிகாரியிடம் மனு போட்டு வாங்கிக்கொள்ளும் வழி 2008-இல்தான் வந்தது.

சயான் சிக்னலைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியிருந்தவர்களுக்கு அரசு முதலில் கொடுத்த காகிதம், 1976 கணக்கெடுப்புக்குப் பிறகு வந்த போட்டோபாஸ். இன்றைய சீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருக்கும் தகுதியானவர்களுக்கு தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். மேல்தளக்காரர்களுக்கு தாராவிக்கு வெளியே, தவணை முறையில்.

இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அக்கா 2009-இல் ஆறு லட்சம் கொடுத்து அங்கே மேல்மாடி அறை வாங்கினார். கையில் இருப்பது நோட்டரி முத்திரை போட்ட ஸ்டாம்ப் பேப்பர் ஒன்றுதான். அதைப் பழுது பார்க்கக் கடன் கேட்டு என்னிடம் வந்தார். "அண்ணே, ஆறு லட்சம் என் காசுதானே, அப்புறம் எப்படி என் வீடு இல்லேங்கிறீங்க?" என்றார். அடமானம் வைக்கத் தக்க உரிமை இல்லாத வீட்டுக்குக் கடன் தர முடியாது. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. பெரியம்மாவின் வளையலும் அவள் காசுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா அம்மா பம்பாயில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுக் கேளுங்கள். வீடு பகடியா, சொசைட்டியா? பகடி என்றால் ரசீது யார் பேரில், கூட யார் குடியிருக்கிறார்கள்? சொசைட்டி என்றால் நிலம் சொசைட்டி பேருக்கு மாறியாயிற்றா? நாமினேஷன் போட்டாயிற்றா? தாராவி என்றால் சர்வேயில் பெயர் இருக்கிறதா, எந்தத் தளம் என்று எழுதியிருக்கிறது?

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அண்ணாவும் கூச்சப்பட்டுத்தான் கேட்காமல் இருந்துவிட்டான்.