கண் இமையில் சூடு பார்த்தவர்கள்



இன்று நமது பகுதியில் பல வீடுகளில் இன்கியுபேட்டர் இருக்கிறது. ஒரு ரெஜிபோம் பெட்டி, ஒரு பல்ப், சூட்டை அளந்து கரண்டை நிறுத்தும் ஒரு சின்னக் கருவி. 37.5 பாகை, 21 நாள். அடைக்கோழி இல்லாமல் குஞ்சு பொரிப்பதை நாம் இந்தக் காலத்து வேலையாக நினைக்கிறோம். ஆனால் 2,300 வருடங்களுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள் என்று எழுதிவிட்டார்.

இந்தத் தொழிலைக் கவனமாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் நம்மவர். அப்துல் லதீஃப் அல்-பக்தாதி 1162இல் பக்தாதில் பிறந்தார். வைத்தியர். ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில் எகிப்துக்கு வந்து அல்-அஸ்ஹரில் படிப்பித்தவர். கண்ணால் கண்டதை நம்பியவர். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க வைத்தியர் கலென் எழுதியிருந்தார். பஞ்சத்தில் இறந்தவர்களின் எலும்புகளைப் பார்த்துவிட்டு, அது ஒரே எலும்புதான் என்று எழுதியவர் இவர். எகிப்தைப் பற்றிய தனது கிதாபிலே, அங்கே கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிப்பது அரிது, அது மனிதர்கள் செய்யும் ஒரு தொழில் என்று சொல்லி, அந்தக் கூடத்தைக் கட்டும் விதத்திலிருந்து விளக்குகிறார்.

அந்தக் கூடத்துக்கு 'மஃமல்' என்று பெயர். மண் கல்லால் கட்டியது. நடுவில் ஒரு நடை. அதன் இரு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றும் இரண்டு தட்டு. உள்ளே தவழ்ந்துதான் போகலாம். கீழ்த்தட்டில் ஆயிரக்கணக்கான முட்டைகள். மேல்தட்டில் காய்ந்த சாணமும் வைக்கோலும் சுவாலை இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும். இரண்டு தட்டுக்கும் இடையில் உள்ள துவாரத்தால் சூடு கீழே இறங்கும். தொழிலாளி உள்ளேயே தங்கி, முட்டைகளைப் பிரட்டி, சூடு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பார். பத்துப் பன்னிரண்டு நாள் போனதும் நெருப்பை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு முட்டைக்குள் வளரும் குஞ்சுகளின் சூடும், சுவரில் தங்கிய சூடுமே போதும்.

தெர்மாமீட்டர் இல்லாத காலம். எப்படிச் சூடு பார்த்தார்கள்? முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்ப்பார்கள். இமையின் தோல் மெல்லியது. சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பழகியவருக்கு உடனே விளங்கும். வாப்பாவிடமிருந்து மகன் படித்துக்கொண்ட வித்தை அது.

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் விஞ்ஞானி ரியோமூர் இந்த அடுப்புகளை ஆராய்ந்து 1749இல் ஒரு நூலே எழுதினார். தன் பெயரிலேயே ஒரு தெர்மாமீட்டர் அளவை உருவாக்கியவர் அவர். எகிப்தியரின் இமை செய்த வேலையைத் தெர்மாமீட்டரால் செய்யலாம் என்பது அவரது எண்ணம். நைல் டெல்டாவில் உள்ள பெர்மா என்ற ஊரார்தான் இதில் பேர்போனவர்கள் என்று எழுதிய அவர், அவர்களது உடன்படிக்கை ஒன்றையும் குறிப்பிடுகிறார். 45,000 முட்டையை ஒப்படைத்தால் 30,000 குஞ்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றுக்கு இரண்டு. அதற்கு மேல் பொரிப்பது தொழிலாளிக்கு. கூமுட்டையின் நட்டத்தை இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட, அமானிதத்தின் மேல் நின்ற கொடுக்கல் வாங்கல் அது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "இன்கியுபேட்டரைக் கண்டுபிடித்தது முஸ்லிம்கள்" என்று எழுதினால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும், ஷெயாரும் கூடும். ஆனால் அது சரித்திரம் அல்ல. இஸ்லாம் எகிப்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெயர் தெரியாத குடியானவர்கள் இந்த வித்தையைக் கண்டிருந்தார்கள். முஸ்லிம் ஆட்சியில் அது அழியவில்லை, செழித்தது. ஒரு முஸ்லிம் அறிஞர் அதைப் போய்ப் பார்த்து உள்ளபடி எழுதினார். நாம் பெருமைப்பட இதுவே போதும். இல்லாத பெருமையைச் சேர்த்தால் உள்ள பெருமையையும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் உருவாக்கிய இன்கியுபேட்டர் அந்த ஊரையே கோழிப் பண்ணைகளுக்குப் பேர்பெற்ற ஊராக்கியது. இன்று கூடம் கூடமாக மெஷின்கள் பொரிக்கின்றன. அப்படியிருந்தும் நைல் டெல்டாவில் பழைய முறைக் கூடங்கள் சில இன்னும் மிஞ்சியிருக்கின்றன.

நமது ஊர்களிலும் இப்படி எழுதப்படாத அறிவு உண்டு. அடை வைக்க எந்த முட்டை நல்லது, எத்தனை வைக்கலாம், கடைசி நாட்களில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு அசைவை வைத்து உயிருள்ளதை எப்படி அறிவது என்பதெல்லாம் நமது உம்மம்மாமாருக்குத் தெரியும். கரண்ட் போன இரவில் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு அதன் பெறுமதி விளங்கும்.

அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அல்-பக்தாதி செய்ததும் அதைத்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அடை வைக்கும் முறை ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.